சப்போர்ட் போர்ட்டலை மாற்றிவிட்டார்கள், ரன்புக்கில் இருந்த கேபி லிங்க் எல்லாம் போச்சு. என்ன வழி?

இரவுப்பணி | 3 ஜூன் 2025, இரவு 11:52

எங்கள் ரன்புக்கில் (கோளாறு வந்தால் என்ன செய்வது என்று எழுதி வைத்த குறிப்பேடு) ஒவ்வொரு அலாரத்துக்கும் கீழே வெண்டரின், அதாவது பொருளை விற்ற நிறுவனத்தின், கேபி (அறிவுத்தளக் கட்டுரை) லிங்க் ஒன்று இருக்கும். அலாரம் அடித்தால் லிங்கைத் திற, அதில் சொன்னபடி செய், அவ்வளவுதான். வெண்டர் பெயர் வேண்டாம். போர்ட்டலைப் புதிதாக மாற்றினார்கள். இப்போது எந்த லிங்கைத் தட்டினாலும் புதிய தளத்தின் முகப்புப் பக்கம் வருகிறது. தேடல் பெட்டியில் பழைய கட்டுரை எண்ணைப் போட்டால் "முடிவுகள் இல்லை". கொடுமை என்னவென்றால், லிங்க் சரிபார்க்கும் ஸ்கிரிப்ட் எல்லாவற்றுக்கும் பச்சை காட்டுகிறது. பழைய கட்டுரைகளை எப்படித் தேடி எடுப்பது?

ரேக் 42 | 4 ஜூன் 2025, காலை 7:20

முதலில் பச்சை ஏன் வருகிறது என்பதைப் பார்ப்போம். லிங்க் சாவதில் மூன்று வகை.

ஒன்று, நேர்மையான சாவு. சர்வர் 404 என்றோ 410 என்றோ சொல்லிவிடும். 410 என்றால் வேண்டுமென்றே எடுத்துவிட்டோம் என்று பொருள். இதை எந்த ஸ்கிரிப்ட்டும் பிடித்துவிடும்.

இரண்டாவது உங்களுக்கு நடப்பது. பழைய முகவரி எதுவாக இருந்தாலும் 301 அல்லது 302 கொடுத்து முகப்புக்குத் தள்ளிவிடுவார்கள். முகப்புப் பக்கம் 200, அதாவது "சரி" என்ற எண், தரும். ஸ்கிரிப்ட் கடைசி எண்ணை மட்டும் பார்த்தால் பச்சைதான். கர்ல் (கட்டளை வரியிலிருந்து இணைய முகவரியை அழைக்கும் கருவி) கட்டளையில் ரீடைரக்டைப் பின்தொடரும் விருப்பத்தைப் போடுங்கள், அது பெரிய எழுத்து எல். கடைசியில் எந்த முகவரியில் போய் நின்றது என்பதையும் அச்சிடச் சொல்லுங்கள். ஒரே கடைசி முகவரி பத்து லிங்குக்கு வந்தால் பத்தும் செத்தது.

மூன்றாவதுதான் மோசம். தளம் முழுக்க ஜாவாஸ்கிரிப்டில் ஓடும். என்ன முகவரி கேட்டாலும் உள்ளே எதுவும் இல்லாத ஒரே வெற்றுப் பக்கத்தை (ஓடு) 200 சொல்லி அனுப்பும், உள்ளடக்கம் பிறகு பிரவுசருக்குள் வரும். இல்லாத கட்டுரைக்கும் 200. இங்கே கர்ல் உதவாது. தலையில்லா குரோமில் (திரையில் காட்டாமல் ஓடும் பிரவுசர்) பக்கத்தைத் திறந்து, தலைப்பு வரியில் கட்டுரையின் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஆகவே ரன்புக்கில் லிங்கை மட்டும் வைக்காதீர்கள். கட்டுரை எண், முழுத் தலைப்பு, பிழைச் செய்தியின் அதே வரி, நீங்கள் படித்த தேதி. இந்த நான்கும் கூடவே இருந்தால் லிங்க் போனாலும் கட்டுரையை மீட்க முடியும்.

பழைய டிபிஏ | 4 ஜூன் 2025, காலை 10:05

ரேக் 42 சொன்னதில் கட்டுரை எண்ணைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லா எண்ணும் ஒன்றில்லை. தளத்தோடு சேர்ந்து சாகும் எண் உண்டு, தளம் மாறினாலும் நிற்கும் எண் உண்டு.

ஆரக்கிளில் மெட்டாலிங்க் என்ற சப்போர்ட் தளம் 2009 நவம்பரில் மூடி மை ஆரக்கிள் சப்போர்ட்டுக்கு மாறியது. அப்போது முழுத் தளமும் ஃபிளாஷில் வந்து எல்லோரையும் படுத்தியது. ஆனாலும் குறிப்பு எண்கள் கூடவே வந்துவிட்டன. ஓஆர்ஏ-600 (ஆரக்கிளின் உள்பிழை எண்) தேடும் கருவிக்கான 153788.1, ரிலீஸ் அட்டவணைக்கான 742060.1 எல்லாம் அந்த மாற்றத்தைத் தாண்டி வந்த எண்கள். சன் நிறுவனத்தை ஆரக்கிள் 2010 ஜனவரியில் வாங்கி, அந்த ஆண்டு இறுதியில் சன்சால்வ் என்ற அதன் சப்போர்ட் தளத்தை மூடியபோதும் அப்படித்தான். லிங்க் போனது. 118833-36 என்ற சொலாரிஸ் 10 கெர்னல் பேட்ச் (திருத்தக் கோப்பு) அதே எண்ணில் இருந்தது.

விஎம்வேர் வேறு கதை. பிராட்காம் 2023 நவம்பரில் வாங்கியது, 2024 மே மாதம் சப்போர்ட் பக்கங்கள் பிராட்காம் தளத்துக்குப் போயின. கட்டுரைகளுக்குப் புது எண் போட்டார்கள். விஎம்வேரின் ஈஎஸ்எக்ஸ் மென்பொருளின் பில்ட் (வெளியீட்டு) எண் பட்டியல் என்றால் எல்லோரும் 2143832 என்று மனப்பாடமாகச் சொல்வார்கள். அது இப்போது 316595. ஆனால் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். புதிய தளத்தின் கட்டுரை முகவரியில் "லெகசிஐடி" என்ற பெயரில் பழைய எண்ணைக் கொடுத்தால் புதிய கட்டுரைக்குப் போகும். இப்படி ஒரு பின்வாசல் உங்கள் வெண்டரிடமும் இருக்கிறதா என்று ஒரு டிக்கெட் போட்டுக் கேளுங்கள். "பழைய எண், புதிய எண் அட்டவணை தாருங்கள்" என்று அதே சொற்களில் கேளுங்கள். தளத்தை மாற்றிய குழுவிடம் அந்த ஸ்ப்ரெட்ஷீட் நிச்சயம் இருக்கும். இல்லாமல் உள்ளடக்கத்தை நகர்த்தவே முடியாது.

மலர்_சிஸ்அட்மின் | 4 ஜூன் 2025, மதியம் 1:31

வேபேக் மெஷினை (பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் தளம்) யாரும் சொல்லவில்லையே. பழைய முகவரிக்கு முன்னால் தேதி வரும் இடத்தில் நட்சத்திரக் குறி போட்டால் சேமித்த எல்லா நாள்களும் காலண்டராக வரும். பக்கம் ஒரு நொடி தெரிந்து வெள்ளையாகிவிட்டால் ஸ்கிரிப்ட்தான் அழிக்கிறது. நேரக்குறியின் எண்களை ஒட்டி ஐ, டி என்ற இரண்டு சிறிய ஆங்கில எழுத்துகளும் ஓர் அடிக்கோடும் சேர்த்தால் வேபேக் எதையும் ஒட்டாமல் மூலப் பக்கத்தை அப்படியே தரும். அதன் மூலநிரலில் எழுத்தைத் தேடி எடுங்கள்.

லாகினுக்குப் பின்னால் இருந்த பக்கம் என்றால் அங்கேயும் கிடைக்காது. ரேக் 42 சொன்ன மூன்றாவது வகைத் தளமாக இருந்தாலும் பெரும்பாலும் வெற்று ஓடுதான் சேமிப்பில் இருக்கும்.

மலர்_சிஸ்அட்மின் | 4 ஜூன் 2025, மதியம் 1:58

தேடலைப் பற்றி இன்னொன்று. வெண்டர் தளத்தின் தேடல் பெட்டி பிழைச் செய்தியைத் துண்டு துண்டாக உடைத்துவிடும். கோடு, அடிக்கோடு, சதுர அடைப்பு எல்லாம் போய்விடும். முழு வரியை ஒட்டினால் நூற்றுக்கணக்கில் குப்பை வரும், மேற்கோளுக்குள் போட்டால் ஒன்றும் வராது. அதனால் வரியில் உங்கள் இடத்துக்கு மட்டும் உரிய பகுதிகளை எடுத்துவிடுங்கள். ஹோஸ்ட் பெயர், பாதை, பிராசஸ் எண், நேரம் இவை வேண்டாம். மாறாத நடுப்பகுதியை மட்டும் கொடுங்கள். ஓஆர்ஏ-600 என்றால் சதுர அடைப்பில் வரும் முதல் மதிப்புதான் சாவி, மற்றவை இடத்துக்கு இடம் மாறும்.

விண்டோஸ் பிழை எண்ணை இரண்டு வடிவிலும் தேடுங்கள். 0எக்ஸ்80070005 என்பதும் -2147024891 என்பதும் ஒன்றே. ஒரு கட்டுரை பதினறும (ஹெக்ஸ்) எண்ணில் எழுதியிருக்கும், உங்கள் லாக் (நிகழ்வுப் பதிவு) தசம எண்ணில் எழுதியிருக்கும், இரண்டும் சந்திக்கவே மாட்டா. 8007 என்று தொடங்கினால் கடைசி நான்கு இலக்கம்தான் அசல் விண்டோஸ் (வின்32) பிழை. இங்கே 5. கமாண்ட் விண்டோவில் நெட் ஹெல்ப்எம்எஸ்ஜி 5 என்று அடித்தால் அனுமதி மறுப்பு என்று சொல்லிவிடும். வெண்டர் தளமே தேவையில்லை.

இரவுப்பணி | 4 ஜூன் 2025, இரவு 10:40

நன்றி. பாதிக்கு மேல் வேபேக்கில் கிடைத்தது. கிடைக்காதவை எல்லாம் லாகினுக்குப் பின்னால் இருந்தவை. எனக்குப் புரியாதது இதுதான்: பணம் கட்டி வாங்கிய பொருளின் பழுது பார்க்கும் குறிப்பை எதற்காகப் பூட்டுகிறார்கள்? பூட்டியதைத் தேடக்கூட முடியாமல் எதற்காக வைக்கிறார்கள்?

விற்றவர் பக்கம் | 5 ஜூன் 2025, காலை 9:15

மறுபக்கத்தில் இந்தத் தளங்களைக் கட்டுவது என் வேலை. நியாயப்படுத்த வரவில்லை, எப்படி ஆகிறது என்று சொல்கிறேன்.

நீங்கள் பார்ப்பது ஒரு தளம். உள்ளே நான்கைந்து பொருள்கள். கேஸ் (வாடிக்கையாளரின் உதவிக் கோரிக்கை) பதியும் அமைப்பு ஒன்று, பெரும்பாலும் சேல்ஸ்ஃபோர்ஸ் அல்லது சர்வீஸ்நவ். கேபி கட்டுரை அதற்குள்ளேயோ தனியாகவோ இருக்கும். கையேடுகள் வேறொரு வெளியீட்டு அமைப்பில். பதிவிறக்கம் ஒரு சிடிஎன்னில் (கோப்புகளை விநியோகிக்கும் சர்வர் வலை). உங்களுக்கு எதற்கு உரிமை என்று சொல்வது பில்லிங் பக்கத்து ஒப்பந்தப் பட்டியல். இவை எல்லாவற்றுக்கும் மேல் ஒரு தேடல் பொருள், அது இரவில் ஒருமுறை வந்து படித்துப் போகும். ஆகவே இன்று காலை வெளியான கட்டுரை இன்று தேடலில் வராது. நீக்கிய கட்டுரை நாளை வரை வரும், தட்டினால் பிழை.

மாற்றும்போது ஒவ்வொரு பழைய முகவரிக்கும் புதிய முகவரி எழுதும் வேலை யாருடைய பட்ஜெட்டிலும் இருக்காது. உள்ளடக்கக் குழு கட்டுரையை நகர்த்தும். இணையக் குழு டொமைனை நகர்த்தும். நடுவில் உள்ள வரைபடம் யாருக்கும் சொந்தமில்லை. பழைய டிபிஏ சொன்ன ஸ்ப்ரெட்ஷீட் உண்மையிலேயே இருக்கும். அதை ரீடைரக்ட் விதியாக்க ஒருவர் வேண்டும், அந்த ஒருவர்தான் இல்லை. செய்ய முடியாத காரியம் இல்லை. மைக்ரோசாஃப்ட் 2022இல் டாக்ஸ் தளத்தை லேர்ன் தளமாக மாற்றியபோது பாதையை அப்படியே வைத்து டொமைனை மட்டும் மாற்றினார்கள், பழைய லிங்க் இன்றும் போய்ச் சேருகிறது.

தொடர்பு கொள்ளும் பொத்தான் ஏன் ஒளிந்திருக்கிறது என்றால், அளக்கப்படுவது கேஸ் குறைப்பு. தளத்துக்கு வந்து கேஸ் போடாமல் போனவரை "பதில் கிடைத்தவர்" என்று கணக்கில் எழுதுவார்கள். தேடித் தேடி அலுத்துப் போனவரும் அதே கணக்கில்தான் வருவார்.

பூட்டுக்கு மூன்று காரணம் சொல்வார்கள். போட்டி நிறுவனம் பார்க்கும், ஒப்பந்தம் புதுப்பிக்க ஒரு தூண்டுதல் வேண்டும், குறியாக்கம் உள்ள மென்பொருளுக்கு ஏற்றுமதிச் சட்டச் சரிபார்ப்பு வேண்டும். மூன்றாவது பதிவிறக்கத்துக்குப் பொருந்தும், கட்டுரைக்குப் பொருந்தாது.

ரேக் 42 | 5 ஜூன் 2025, காலை 11:02

விற்றவர் பக்கம் சார், இதை வெளிப்படையாகச் சொன்னதற்கு நன்றி.

லாகின் சுவர் முழுக்கத் தவறு என்பதே என் கருத்தாக இருந்தது, இதைப் படித்தபின் இரண்டாகப் பிரித்துப் பார்க்கத் தோன்றுகிறது. தீர்வைப் பூட்டுவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அறிகுறியைப் பூட்டக் கூடாது. கட்டுரையின் தலைப்பு, பிழைச் செய்தி, பாதிக்கப்பட்ட பதிப்பு இவை வெளியே தெரிய வேண்டும். ரெட் ஹாட் அப்படிச் செய்கிறது. தலைப்பும் சூழலும் சிக்கலும் வெளியே, தீர்வுப் பகுதி சந்தாவுக்குள். கூகுளில் பிழையைத் தேடினால் கட்டுரை வருகிறது, இருக்கிறது என்றாவது தெரிகிறது. டெவலப்பர் சந்தா இலவசமாக எடுத்தாலே உள்ளே படிக்கலாம். எஸ்ஏபி நோட்டில் (எஸ்ஏபியின் சப்போர்ட் கட்டுரை) அது இல்லை. எஸ்-யூசர் என்ற எஸ்ஏபி லாகின் கணக்கு இல்லாதவருக்கு நோட் எண்ணை யாராவது வாய்வழியாகச் சொல்ல வேண்டும்.

பழைய டிபிஏ | 5 ஜூன் 2025, மாலை 6:47

சிஸ்கோவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பக் (மென்பொருள் பிழை) எண் சிஎஸ்சி என்று தொடங்கி இரண்டு எழுத்து, ஐந்து இலக்கம். எந்தத் தளம் மாறினாலும் அந்த எண் மாறாது, ரிலீஸ் நோட்டிலும் அதே எண்தான் அச்சாகும். பக் தேடும் கருவியில் உள்பார்வைக்கு மட்டும் என்று சில வைத்திருப்பார்கள், அது வேறு விஷயம். எண் ஒன்றே எல்லா இடத்திலும் என்பது பெரிய நிம்மதி.

இரவுப்பணி | 8 ஜூன் 2025, இரவு 11:15

இனிமேல் முக்கியமான கட்டுரைகளை உள்ளேயே நகலெடுத்து வைக்கலாம் என்று முடிவு. பிடிஎஃப் போதுமா?

மலர்_சிஸ்அட்மின் | 9 ஜூன் 2025, காலை 8:40

போதாது. கட்டுரையில் மடித்து வைத்த பகுதிகள் இருக்கும், "தீர்வு" என்று தட்டினால்தான் விரியும். மடித்த நிலையில் அச்சிட்டால் பிடிஎஃபில் தலைப்பு மட்டும் இருக்கும், உள்ளே காலி. இரவில் அலாரம் அடிக்கும்போதுதான் அது தெரியவரும். எல்லாவற்றையும் விரித்துவிட்டு அச்சிடுங்கள், அல்லது சிங்கிள்ஃபைல் என்ற பிரவுசர் நீட்சியைப் போட்டு ஒரே எச்டிஎம்எல் கோப்பாகச் சேமியுங்கள். கட்டளை வரிகளைப் பிடிஎஃபிலிருந்து நகலெடுத்தால் நீளமான வரி உடைந்து இரண்டாகும், சாதாரணக் கோடு நீள்கோடாக மாறியிருக்கும், ஒட்டினால் பிழை. எச்டிஎம்எல்லில் அந்தச் சிக்கல் இல்லை.

இணைப்புகளைத் தனியே இறக்குங்கள். கட்டுரையின் அடியில் ஒரு ஸ்கிரிப்ட் ஜிப் இருக்கும், பலர் பக்கத்தைச் சேமித்துவிட்டு அதை விட்டுவிடுகிறார்கள். தீர்வே அதில்தான் இருக்கும்.

கோப்புப் பெயர்: வெண்டர், எண், கட்டுரையின் கடைசித் திருத்த தேதி, சுருக்கத் தலைப்பு. திருத்த தேதி முக்கியம். அதே எண்ணில் கட்டுரை மாறும். போன ஆண்டு "மறுதொடக்கம் செய்" என்றது இந்த ஆண்டு "மறுதொடக்கம் செய்யாதே, பேட்ச் போடு" என்று மாறியிருக்கலாம். உள்நகல் லிங்க் செத்தால் பார்க்க. லிங்க் உயிரோடு இருந்தால் முதலில் அதையே பாருங்கள்.

ரேக் 42 | 9 ஜூன் 2025, காலை 9:12

ஒப்பந்தத்தில் உள்நகலைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள். நிறுவனத்துக்குள் வைப்பது பொதுவாகச் சிக்கலில்லை, வெளியே பகிர்வதுதான் தடை. ஒப்பந்தப் பணியாளர்களுக்கும் திறந்த விக்கியில் வைத்தால் அது வெளியே என்று வாதிட இடமுண்டு.

பழைய டிபிஏ | 11 ஜூன் 2025, மதியம் 12:20

கட்டுரைக்கு இவ்வளவு பேசினோம், கோப்புக்குப் பேசவில்லையே. பேட்ச் கோப்புதான் கட்டுரையைவிட வேகமாகக் காணாமல் போகும்.

எச்பி 2014 பிப்ரவரியில் புரோலயன்ட் சர்வர்களின் பயாஸ், சர்வீஸ் பேக் பதிவிறக்கத்தை வாரண்டி அல்லது ஒப்பந்தம் உள்ளவர்களுக்கு என்று மாற்றியது. மைக்ரோசாஃப்ட் 2020 ஆகஸ்டில் ஷா-1 என்ற பழைய முறையில் கையொப்பமிட்ட கோப்புகளைப் பதிவிறக்க மையத்திலிருந்து எடுத்தது. பாதுகாப்புக் காரணம் நியாயமானதுதான், ஆனால் பழைய சர்வரை நிறுவ வேண்டியவருக்குக் கோப்பு இல்லை. விஎம்வேர் 2025 ஏப்ரலில் அப்டேட் முகவரிகளை மாற்றியது. போர்ட்டலில் லாகின் செய்து எடுத்த டோக்கனை (அனுமதிக் குறி) முகவரிக்குள் சேர்த்தால்தான் விசென்டர் (விஎம்வேரின் நிர்வாக மென்பொருள்) புதிய பேட்சை இழுக்கும். பழைய முகவரியோடு விட்டுவைத்த இடங்களில் ஒத்திசைவு தோல்வி.

எனவே ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு பதிப்புக்கும் நிறுவல் கோப்பு, கடைசியாகப் போட்ட பேட்ச், ரீட்மீ, செக்சம் (கோப்பு கெடவில்லை என்று சரிபார்க்கும் எண்) நான்கையும் உங்கள் சேமிப்பில் வையுங்கள். ரீட்மீயை மறக்காதீர்கள். எந்தப் பேட்சுக்கு எது முன்தேவை, எப்படித் திரும்பப் பெறுவது என்பது அதில் மட்டும்தான் இருக்கும்.

இறக்கும்போது லிங்க் சில மணி நேரத்தில் காலாவதியாகும் வகையா என்று பாருங்கள். பாதியில் அறுந்தால் கர்ல் விட்ட இடத்திலிருந்து தொடரும், சிறிய கோடும் பெரிய சி எழுத்தும் இன்னொரு கோடும் கொடுத்தால். ஆனால் லிங்க் காலாவதியானபின் தொடர்ந்தால் சர்வர் 403 பக்கத்தைத் தரும். சில டவுன்லோடர்கள் அந்தப் பிழைப் பக்கத்தையே கோப்பின் வாலில் ஒட்டிவிடும். அளவு ஏறக்குறைய சரியாக இருக்கும், ஐஎஸ்ஓ (நிறுவல் வட்டின் நகல்) கோப்பு கெட்டிருக்கும். அதனால் இறக்கி முடித்ததும் செக்சம் பார்க்காமல் யாருக்கும் கொடுக்காதீர்கள். லினக்ஸில் ஷா256சம், விண்டோஸில் செர்ட்யூட்டில் கட்டளையின் ஹேஷ்ஃபைல் விருப்பம்.

விற்றவர் பக்கம் | 11 ஜூன் 2025, மதியம் 3:05

செக்சம் பற்றி ஒரு திருத்தம். கோப்பும் செக்சமும் ஒரே பக்கத்தில் இருந்தால், இறக்கும்போது கெடவில்லை என்பதை மட்டுமே அது உறுதி செய்யும். தளத்துக்குள் புகுந்தவன் கோப்பை மாற்றினால் செக்சமையும் மாற்றுவான். யார் கொடுத்தது என்பதற்குக் கையொப்பத்தைப் பார்க்க வேண்டும். லினக்ஸின் ஆர்பிஎம் நிறுவல் கோப்பில் ஜிபிஜி கையொப்பம், விண்டோஸ் கோப்பில் பண்புகள் பெட்டியின் டிஜிட்டல் கையொப்பப் பக்கம். செக்சமும் கையொப்பமும் வேறு வேறு வேலை.

இரவுப்பணி | 19 ஜூன் 2025, அதிகாலை 2:10

கேஸ் போடும் படிவத்தில் நாற்பது கட்டம் இருக்கிறது. பாதிக்கு விடை தெரியவில்லை. எது உண்மையில் முக்கியம்?

விற்றவர் பக்கம் | 19 ஜூன் 2025, காலை 9:50

மூன்று கட்டம்தான் உங்கள் கேஸின் தலையெழுத்தைத் தீர்மானிக்கும். பொருள், உட்கூறு, தீவிரம். மற்றவற்றைப் பெரும்பாலும் யாரும் படிப்பதில்லை.

பொருளும் உட்கூறும் சேர்ந்து எந்த வரிசைக்குப் போகும் என்பதை முடிவு செய்யும். உட்கூறில் "மற்றவை" என்று விட்டால் பொது வரிசை. அங்கே ஒருவர் படித்து, வேறு குழுவுக்கு மாற்றி, அங்கே நேரக் கணக்கு மறுபடி தொடங்கும். தெரியாவிட்டால் பிழைச் செய்தி எந்தப் பிராசஸின் லாகில் வந்ததோ அந்த உட்கூறைப் போடுங்கள்.

தீவிரம் 1 போட்டால் உங்கள் பக்கமும் இருபத்து நான்கு மணி நேரமும் ஒருவர் தொலைபேசியில் இருக்க வேண்டும் என்பது பெரும்பாலான ஒப்பந்தங்களில் உள்ள நிபந்தனை. ஆள் இல்லையென்றால் குறைத்துவிடுவார்கள், குறைத்ததைத் திரும்ப ஏற்றுவது முதலில் போடுவதைவிடக் கஷ்டம். படிவத்தில் 1 தேர்ந்தெடுத்தாலும் கையோடு தொலைபேசியிலும் அழையுங்கள்.

விவரக் கட்டத்தில் கதை வேண்டாம். முதல் வரியிலேயே பதிப்பும் பில்ட் எண்ணும். இரண்டாவது, பிழைச் செய்தி எழுத்து மாறாமல், படமாக இல்லாமல் எழுத்தாக. படத்தைத் தேட முடியாது. பிறகு முதன்முதலில் எப்போது வந்தது, அதற்கு முன் என்ன மாறியது, எத்தனை இடத்தில், என்ன செய்து பார்த்தாயிற்று. கடைசியில் ஒரே ஒரு கேள்வி. "உதவுங்கள்" என்பது கேள்வி இல்லை. "இந்தப் பக் எண் எங்கள் பில்டில் சரிசெய்யப்பட்டதா" என்பது கேள்வி.

ரேக் 42 | 19 ஜூன் 2025, காலை 10:33

நேரத்தை எழுதும்போது இந்தியாவிலிருந்து போடுபவர்கள் கவனிக்க வேண்டியது, +05:30 என்று சேர்த்தே எழுதுங்கள். விஎம்வேரின் ஈஎஸ்எக்ஸ்ஐ ஹோஸ்ட் லாகை யூடிசியில் (உலகப் பொது நேரம்) தான் எழுதும். 19ஆம் தேதி அதிகாலை 2:10க்கு நடந்தது அங்கே 18ஆம் தேதி 20:40. தேதியே மாறிவிடுகிறது. நீங்கள் 19 என்று எழுதினால் எதிர்ப்பக்கம் 19ஆம் தேதி லாகைத் திறந்து "ஒன்றும் தெரியவில்லை" என்று பதில் எழுதி ஒரு நாளைக் கழித்துவிடுவார்.

கேஸ் போடுவதற்கு முன்பே லாக் மூட்டையைத் தயார் செய்துவிடுங்கள், எப்படியும் முதல் பதில் அதைக் கேட்டுத்தான் வரும். ரெட் ஹாட்டுக்கு எஸ்ஓஎஸ் ரிப்போர்ட், விஎம்வேருக்கு விஎம்-சப்போர்ட், ஆரக்கிளுக்கு ஏடிஆர்சிஐயின் ஐபிஎஸ் பேக். லாக் சுழன்று பழையது அழியும், ஆகவே சர்வரை மறுதொடக்கம் செய்யும் முன் எடுங்கள்.

மலர்_சிஸ்அட்மின் | 19 ஜூன் 2025, மதியம் 12:02

பெரிய மூட்டையை பிரவுசரில் ஏற்றாதீர்கள். ஏறிக்கொண்டிருக்கும்போதே லாகின் காலாவதியாகும், 100% காட்டிவிட்டுக் கோப்பு கேஸில் இருக்காது. எஸ்எஃப்டிபி (பாதுகாப்பான கோப்புப் பரிமாற்றம்) வழியோ வெண்டரின் கமாண்ட் கருவியோ இருக்கிறதா என்று கேளுங்கள். பிரவுசர்தான் என்றால் ஸ்ப்ளிட் கட்டளையால் 1 ஜிபி துண்டுகளாக்கி, முழுக் கோப்பின் செக்சமையும் துண்டுகளை எந்த வரிசையில் சேர்க்க வேண்டும் என்பதையும் கேஸில் எழுதுங்கள். ஏற்றியபின் இணைப்புப் பட்டியலைப் புதுப்பித்து, அளவு பைட் கணக்கில் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

பதில் மின்னஞ்சல் அனுப்பும்போது, படிவத்தில் பதிந்த அதே முகவரியிலிருந்து, தலைப்பு வரியில் உள்ள கேஸ் எண்ணை அழிக்காமல் அனுப்புங்கள். வேறு முகவரியிலிருந்து போனால் பல அமைப்புகள் அதைக் கேஸில் சேர்க்காது. நீங்கள் பதில் சொன்னதாக நினைப்பீர்கள். அங்கே "வாடிக்கையாளர் பதிலுக்குக் காத்திருப்பு" என்று நின்று தானாக மூடிவிடும்.

பழைய டிபிஏ | 20 ஜூன் 2025, காலை 7:55

போர்ட்டலே சரியாக ஓடவில்லை என்று புகார் செய்தால் எச்ஏஆர் கோப்பு (பிரவுசரின் நெட்வொர்க் பதிவு) கேட்பார்கள். எஃப்12 அழுத்தி, நெட்வொர்க் பக்கத்தில் லாகைத் தக்கவைக்கும் பெட்டியை டிக் செய்து, பிழையை மறுபடி வரவைத்து, ஏற்றுமதி. கவனம்: அந்தக் கோப்பில் உங்கள் குக்கியும் செஷன் டோக்கனும் அப்படியே இருக்கும். 2023 செப்டம்பர் 28 முதல் அக்டோபர் 17 வரை ஆக்டா என்ற லாகின் சேவை நிறுவனத்தின் சப்போர்ட் கேஸ் அமைப்புக்குள் புகுந்தவர்கள் 134 வாடிக்கையாளர்களின் கோப்புகளைப் பார்த்தார்கள். அவற்றில் சில எச்ஏஆர் கோப்புகள், அதிலிருந்த டோக்கனை வைத்து 5 வாடிக்கையாளர்களின் செஷனைக் கைப்பற்றினார்கள். கிளவுட்ஃபிளேர், 1பாஸ்வேர்ட், பியாண்ட்டிரஸ்ட் மூவரும் தங்கள் பக்கத்தில் கண்டுபிடித்து வெளியே சொன்னார்கள்.

புதிய குரோம் ஏற்றுமதி செய்யும்போது குக்கி போன்றவற்றை இயல்பாகவே நீக்கிவிடுகிறது. அப்படியும் கோப்பை டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து குக்கி, ஆதரைசேஷன் என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களையும் தேடிப் பார்த்துவிட்டு, ஏற்றியவுடன் அந்தக் கணக்கிலிருந்து லாக்அவுட் செய்யுங்கள். எடுப்பதையும் தனி பிரைவேட் விண்டோவில் எடுங்கள்.

விற்றவர் பக்கம் | 20 ஜூன் 2025, காலை 9:30

லாக் மூட்டைக்கும் இது பொருந்தும். கான்ஃபிக் கோப்பில் எல்டிஏபி (பயனர் பட்டியல் சேவை) பாஸ்வேர்ட் வெறும் எழுத்தாக இருக்கும். எஸ்ஓஎஸ் ரிப்போர்ட்டுக்கு மறைக்கும் வசதி உண்டு, கிளீன் என்ற விருப்பம், ஐபி முகவரியும் ஹோஸ்ட் பெயரும் மாற்றப்படும். பாஸ்வேர்டை நீங்களும் ஒருமுறை தேடிப் பாருங்கள்.

ரேக் 42 | 2 ஜூலை 2025, இரவு 9:18

லாகின் பக்கமாக ஒன்று விட்டுப்போனது. பெரும்பாலான போர்ட்டலில் ஒப்பந்தம் ஒரு தளக் குறியீட்டோடு கட்டப்பட்டிருக்கும், அந்தக் குறியீட்டுக்கு நிர்வாகி ஒருவர். அவர் வேலையை விட்டுப் போய், இரண்டாம் அடையாளச் சரிபார்ப்பு அவருடைய கைபேசியில் இருந்தால் அந்த நிறுவனத்தில் யாராலும் பேட்ச் இறக்க முடியாது. மீட்க நிறுவனத்தின் லெட்டர்ஹெட் கேட்பார்கள், விற்பனைப் பிரதிநிதியைக் கேட்பார்கள், நாள் கணக்கில் ஆகும். ஒவ்வொரு தளக் குறியீட்டுக்கும் இரண்டு நிர்வாகிகள், பொது மின்னஞ்சல் பெட்டி ஒன்று, பாஸ்வேர்ட் பெட்டகத்தில் வைத்த சரிபார்ப்புச் சாவி. காலாண்டுக்கு ஒருமுறை லாகின் செய்து ஏதாவது ஒரு பேட்சை உண்மையில் இறக்கிப் பாருங்கள். உள்ளே நுழைவது வேறு, பதிவிறக்க உரிமை இருப்பது வேறு. ஒப்பந்தம் புதுப்பித்த மாதத்திலும், வெண்டரை வேறொருவர் வாங்கிய செய்தி வந்தாலும் கூடுதலாக ஒருமுறை. குறியீடு மாறும்போது பழைய ஒப்பந்தம் புதிய கணக்கில் ஒட்டாமல் நிற்பது அடிக்கடி நடக்கிறது.

இரவுப்பணி | 3 ஜூலை 2025, இரவு 11:30

அடுத்த மாதம் பேக்கப் மென்பொருள் வாங்கும் கமிட்டியில் நானும் இருக்கிறேன். வாங்கும் முன்பே சப்போர்ட் தளத்தைச் சோதிக்க முடியுமா?

மலர்_சிஸ்அட்மின் | 4 ஜூலை 2025, காலை 8:05

கட்டாயம் சோதிக்க வேண்டும். சப்போர்ட் தளம் பொருளின் ஒரு பகுதி, டெமோவில் அதைக் காட்டவே மாட்டார்கள். பிரைவேட் விண்டோவில் லாகின் இல்லாமல் தொடங்குங்கள். இரண்டு பதிப்புக்கு முந்தைய கையேடு கிடைக்கிறதா? கடைசி பேட்சின் அறிந்த சிக்கல்கள் பட்டியல் உண்டா, அதில் பக் எண் இருக்கிறதா? கூகுளில் பெயரும் ஒரு பிழைச் செய்தியும் போட்டால் வெண்டர் தளம் வருகிறதா, இல்லை மற்றவர்களின் வலைப்பதிவு மட்டுமா? ஐந்தாண்டுக்கு முந்தைய ஒரு வலைப்பதிவில் உள்ள அவர்களுடைய கேபி லிங்கைத் தட்டுங்கள், கட்டுரைக்குப் போகிறதா முகப்புக்கா? இந்தக் கடைசிச் சோதனை ஒன்றே நிறையச் சொல்லிவிடும்.

பிறகு சோதனைக் கணக்கில் ஓர் உண்மையான கேஸ் போடுங்கள். வெள்ளிக்கிழமை மாலை போடுங்கள்.

பழைய டிபிஏ | 4 ஜூலை 2025, காலை 8:49

டெண்டரில் எழுத்தாகவும் கேளுங்கள். ஒப்பந்தக் காலம் முழுவதும் கட்டுரை எண்ணோ முகவரியோ மாறினால் பொருத்த அட்டவணை தர வேண்டும். ஒப்பந்தம் முடிந்தபின்னும் நாங்கள் இறக்கிய பேட்சுகளை நாங்கள் பயன்படுத்தும் உரிமை வேண்டும். சட்டப் பிரிவு இரண்டாவதில் நிச்சயம் பேரம் பேசும். அதற்காக விட்டுவிடாதீர்கள்.

விற்றவர் பக்கம் | 14 அக்டோபர் 2025, மாலை 5:22

இழையை மேலே கொண்டுவருகிறேன், இப்போது எல்லாப் போர்ட்டலிலும் சாட்பாட் முதலில் வந்து நிற்பதால். அது சொல்லும் பதிலோடு கட்டுரை எண்ணும் பதிப்பு எண்ணும் கேளுங்கள். எண் தராவிட்டால் பதிப்பு 7க்கான கட்டளையைப் பதிப்பு 8க்குச் சொல்லிக்கொண்டிருக்கலாம். அது படிப்பது பெரும்பாலும் அதே கேபி சேமிப்பைத்தான், பழைய கட்டுரையை யாரும் ஓய்வுபெறச் செய்யவில்லை என்றால் அதையும் சேர்த்தே படிக்கும். எண் தந்தால் கட்டுரையைத் திறந்து "பொருந்தும் பதிப்புகள்" பகுதியைப் பாருங்கள்.

மனிதரிடம் போக, பல தளங்களில் முதல் கேள்விக்கே "கேஸ் திற" என்று தட்டச்சு செய்தால் படிவத்துக்கு அனுப்பிவிடும். படிவத்தின் நேரடி முகவரியைப் புக்மார்க் செய்துகொண்டால் அதுவும் வேண்டாம்.

மலர்_சிஸ்அட்மின் | 14 அக்டோபர் 2025, இரவு 8:10

புக்மார்க் செய்யும்போது முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்னால் வரும் நீளமான வாலை வெட்டிவிடுங்கள். அதில் செஷன் எண் ஒட்டியிருந்தால் அடுத்த முறை "அமர்வு முடிந்தது" என்று வெளியே தள்ளும். வெட்டியபின் திறக்கிறதா என்று ஒருமுறை லாக்அவுட் செய்துவிட்டுப் பாருங்கள். சப்போர்ட் தொலைபேசி எண்ணும் ஒப்பந்த எண்ணும் ரன்புக்கின் முதல் பக்கத்தில் காகிதத்திலும் இருக்கட்டும், எஸ்எஸ்ஓ (எல்லாவற்றுக்கும் ஒரே லாகின்) விழுந்த இரவில் போர்ட்டலும் திறக்காது, விக்கியும் திறக்காது.